ஆர்ஏ ஃபேக்டர் நெகட்டிவ், எக்ஸ்ரே நார்மல், ஆனா காலைல விரல் மடங்கல: இது என்ன வலி டாக்டர்?

கேள்வி: வணக்கம் டாக்டர். எனக்கு 34 வயசு, ஒரு பொண்ணு இருக்கா, கம்ப்யூட்டர் வேலை. 4 மாசமா காலைல எழுந்தா ரெண்டு கை விரலும் மடங்க மாட்டேங்குது, பிரஷ் பிடிக்க முடியல, பாட்டில் மூடி திறக்க பொண்ணைத்தான் கூப்பிடுறேன். 10 மணிக்கு மேல கொஞ்சம் பரவால்ல. மணிக்கட்டும் முன்பாதமும் கூட வலிக்குது. ஒரு டாக்டர் டைப் அடிக்கிறதால வர்றதுன்னாங்க, இன்னொருத்தர் யூரிக் ஆசிட் 6.1 இருக்குன்னு அதுக்கு மாத்திரை குடுத்தாங்க. ஆர்ஏ ஃபேக்டர் நெகட்டிவ், எக்ஸ்ரே நார்மல், இஎஸ்ஆர் 52. தெரிஞ்சவங்க ஒரு மூட்டுவலி பொடி வாங்கிக் குடுத்தாங்க, பாக்கெட்ல என்ன இருக்குன்னு எதுவும் போடல, 2 நாள்ல வலி போச்சு, நிறுத்தினா திரும்ப வருது, அதனால 6 வாரமா விடாம எடுக்குறேன். போன வாரம் வேற ஒரு டாக்டர் மெத்தோட்ரெக்ஸேட் எழுதினாங்க, நெட்ல பாத்தா கேன்சர் மருந்துன்னு இருக்கு, பயத்துல வாங்கவே இல்ல. இன்னொரு குழந்தையும் பெத்துக்கலாம்னு இருக்கோம். அப்பாவுக்கு 63 வயசு, முட்டி வலி, அவரும் இதே மாத்திரை போடலாமா? தம்பிக்கு 26 வயசு, ஒரு வருஷமா இடுப்பு வலி. எங்க குடும்பத்துலயே வாதம் இருக்கா?

பதில்: வணக்கம் மா. உங்க கையை நேர்ல தொட்டுப் பாக்காம நோய்க்கு பேர் வைக்க முடியாது, ஆனா நீங்க எழுதினதை வெச்சே ஒன்னு தைரியமா சொல்லலாம், இது டைப் அடிக்கிறதால வந்த வலி இல்ல, யூரிக் ஆசிட் வலியும் மாதிரி தெரியல. மூட்டுக்குள்ள அழற்சி, அதாவது ஜவ்வு வீங்கி வலிக்கற நிலைமை ஓடிட்டிருக்கு, ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்னு சொல்ற முடக்குவாதமாத்தான் இருக்க வாய்ப்பு அதிகம். ஏற்கனவே 4 மாசம் போயிடுச்சு, அதுதான் எனக்கு கவலை.

ஏன் இப்படி சொல்றேன்னா, இந்த நோயைக் கண்டுபிடிக்கிறதுல பாதிக்கு மேல நோயாளி சொல்ற கதைலயே இருக்கு. வலி எவ்வளவுன்னு நாங்க முதல்ல கேக்கறதில்ல, காலைல எவ்வளவு நேரம் கை பிடிச்சுக்குதுன்னுதான் கேப்போம். தேய்மானத்துல வர்ற இறுக்கம் 5 நிமிஷம், 10 நிமிஷம், மிஞ்சிப்போனா அரை மணி நேரம், அப்புறம் விட்டுடும், சாயங்காலம் வேலை செஞ்ச பிறகுதான் வலி ஏறும். அழற்சி வலி அதுக்கு நேர் எதிர், ஓய்வுல இறுகும், அசைய அசைய தளரும், ஒரு மணி நேரத்துக்கு மேல இழுக்கும். உங்களுக்கு 10 மணி வரைக்கும் இழுக்குது. அடுத்தது எந்த மூட்டுன்னு பாக்கணும். விரல் அடி மூட்டு, நடு மூட்டு, மணிக்கட்டு, கால் விரல்களோட அடி மூட்டு, அதுவும் ரெண்டு பக்கமும் சேர்ந்து வந்தா முடக்குவாதம் அங்கதான் ஆரம்பிக்கும். நகத்துக்கு பக்கத்துல இருக்கிற கடைசி மூட்டை அது பெரும்பாலும் தொடாது. வயசானவங்க சிலருக்கு அந்த கடைசி மூட்டு முண்டு முண்டா கட்டி மாதிரி இருக்கும் பாருங்க, அது தேய்மானம்.

வீட்லயே ஒன்னு பாருங்க. கையை லேசா முஷ்டி பிடிங்க, அடி மூட்டு எலும்பு மேடு மேடா தெரியும், ரெண்டு மேட்டுக்கு நடுவுல ஒரு பள்ளம் இருக்கும். அந்த பள்ளம் நிரம்பி மட்டமா தெரியுதான்னு வீட்ல வேற யார் கையையாவது பக்கத்துல வெச்சு ஒப்பிட்டுப் பாருங்க. அப்புறம் உங்க வீட்டுக்காரரை, கை குலுக்குற மாதிரி உங்க கையைப் பிடிச்சு, நாலு விரலோட அடி மூட்டையும் ரெண்டு பக்கத்துலேர்ந்து மெதுவா சேர்த்து அழுத்தச் சொல்லுங்க. நல்ல கைக்கு அது ஒன்னுமே செய்யாது, அழற்சி இருக்கிற கையை படக்குனு இழுத்துக்குவீங்க. கால் விரல் அடியிலயும் அதே மாதிரி அழுத்திப் பாக்கலாம். வீங்கின இடத்தைத் தொட்டா எலும்பு மாதிரி கெட்டியா இல்லாம மெத்துன்னு அமுங்கும், அந்த மெத்துன்னு இருக்கறதுதான் உள்ள ஜவ்வு தடிச்சிருக்குங்கறதுக்கு அடையாளம். ஆனா ஒன்னு, பொடி எடுத்துக்கிட்டு இருக்கீங்க, அதனால இப்போ வீக்கம் தெரியாம போகலாம், வலிக்கலன்னா நோய் இல்லன்னு முடிவு பண்ணிடாதீங்க.

இப்போ ரிப்போர்ட்டுக்கு வர்றேன். ஆர்ஏ ஃபேக்டர்ங்கிறது முடக்குவாதத்துக்கு பாக்கற ஒரு ரத்த டெஸ்ட், அது நெகட்டிவ்னதும் நிம்மதியாயிட்டீங்கன்னு தெரியுது, நிறைய பேர் அப்படித்தான் பண்றாங்க. முடக்குவாதம் இருக்கிறவங்கள்ல சுமார் 70-80 சதவீதம் பேருக்குத்தான் அது பாசிட்டிவ் வரும், ஆரம்பத்துல அதைவிட கம்மி. அதாவது நெகட்டிவா இருந்தே நோய் இருக்கிறவங்க நிறைய பேர். அதே சமயம் நோயே இல்லாத சில பேருக்கும், வயசானவங்களுக்கும், ஹெபடைடிஸ் சி மாதிரி தொற்று இருக்கிறவங்களுக்கும் பாசிட்டிவ் வரும். ஆன்ட்டி சிசிபின்னு ஒரு டெஸ்ட் இருக்கு, அது உங்களுக்கு எடுத்த மாதிரி தெரியல. அது பாசிட்டிவ்னா முடக்குவாதம்தான்னு பெரிய நம்பிக்கையோட சொல்லலாம், ஆனா அதுவும் நெகட்டிவ் வந்தாலும் கதையும் கையும் பொருந்தினா நாங்க மருந்து ஆரம்பிப்போம். எக்ஸ்ரே நார்மல்னா எலும்பு இன்னும் அரிக்கலைன்னு அர்த்தம், நல்ல சேதி, அவ்வளவுதான். ஆரம்ப ஜவ்வு வீக்கம் எக்ஸ்ரேல தெரியாது, மூட்டுக்கு அல்ட்ராசவுண்ட் பாத்தா தெரியும்.

யூரிக் ஆசிட் விஷயம் எனக்கு ரொம்ப ஆதங்கமான விஷயம். 6.1 எல்லாம் ஓரத்துல நிக்கிற நம்பர், நல்லா இருக்கிறவங்க எத்தனையோ பேருக்கு அவ்வளவு இருக்கும். யூரிக் ஆசிட்டால வர்ற கவுட்ங்கிற மூட்டு நோய் வர்ற விதமே வேற, பெரும்பாலும் ராத்திரில திடீர்னு, கால் பெருவிரல் அடி மூட்டு செக்கச்செவேல்னு வீங்கி, போர்வை பட்டாலே உயிர் போற மாதிரி வலிக்கும், ஒன்னு ரெண்டு வாரத்துல தானாவே அடங்கும், அப்புறம் அடுத்த தாக்குதல் வரைக்கும் ஒன்னும் இருக்காது. அது ஆம்பளைங்களுக்குத்தான் அதிகம், மாதவிடாய் நிக்காத பொண்ணுங்களுக்கு அபூர்வம், ஏன்னா ஈஸ்ட்ரோஜன் இருக்கிற வரைக்கும் கிட்னி யூரிக் ஆசிட்டை நல்லா வெளியேத்திடும். கவுட் இல்லாம வெறும் நம்பருக்காக மாத்திரை போடத் தேவையில்ல, அதுல சிலருக்கு தோல் உரியற அளவுக்கு கடுமையான அலர்ஜி வரும், அதனால அடுத்த தடவை டாக்டரைப் பாக்கும்போது இந்த மாத்திரை எதுக்குன்னு நேரடியா கேளுங்க. மூட்டுவலின்னா உடனே ஏஎஸ்ஓ, ஏஎன்ஏன்னு கொத்தா டெஸ்ட் எழுதறதும் இதே கதைதான். ஏஎஸ்ஓ அதிகம்னா எப்பவோ தொண்டைல ஒரு கிருமி வந்துட்டுப் போச்சுன்னு மட்டும்தான் சொல்லும். ஏஎன்ஏ லேசான அளவுல ஆரோக்கியமா இருக்கிறவங்களுக்கே பாசிட்டிவ் வரும், அதை மட்டும் வெச்சு லூபஸ்னு, அதாவது எதிர்ப்பு சக்தியே உடம்போட பல உறுப்பைத் தாக்கற நோய்னு பயப்படக் கூடாது.

ஆனா லூபஸ் இருக்கான்னு சில கேள்வி கேட்டே ஆகணும், உங்க வயசுப் பொண்ணுங்களுக்கு வர்ற நோய் அது. வெயில் பட்டா கன்னத்துலயும் மூக்கு மேலயும் சிவப்பா தடிக்குதா, முடி கொத்தா கொட்டுதா, வாய்க்குள்ள வலிக்காத புண்ணு வருதா, மூச்சு இழுத்தா நெஞ்சு குத்துதா, யூரின் நுரை நுரையா போகுதா, கால் வீங்குதா? இதுல ஏதாவது இருந்தா யூரின் டெஸ்ட்டும் ரத்த அழுத்தமும் தள்ளிப்போடாம பாக்கணும், லூபஸ் கிட்னியை சத்தமில்லாம தாக்கும். உங்களுக்கோ கூடப்பிறந்தவங்களுக்கோ சொரியாசிஸ் இருக்கா, நகத்துல ஊசி குத்தின மாதிரி சின்னச் சின்னக் குழி இருக்கான்னும் பாருங்க, சொரியாசிஸோட வர்ற மூட்டு வாதம்னு ஒன்னு இருக்கு. வைரஸ் காய்ச்சலுக்கு அப்புறம் வர்ற மூட்டுவலி அச்சு அசல் இப்படியே இருக்கும், ஆனா அது பெரும்பாலும் சில வாரத்துல தணிஞ்சுடும், சிக்குன்குனியா மாதிரி சிலது மாசக்கணக்குல இழுக்கும், அதனால இது ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி காய்ச்சல் வந்துச்சான்னு யோசிச்சுப் பாத்து சொல்லுங்க. தைராய்டும் ஒரு தடவை பாத்துடலாம்.

சரி, ஏன் இவ்வளவு அவசரப்படுத்தறேன்? மூட்டுக்குள்ள ஒரு மெல்லிசான ஜவ்வு இருக்கு, நம்ம உடம்போட எதிர்ப்பு சக்தியே அதை எதிரின்னு நினைச்சு தாக்குது, அது தடிச்சு வளர்ந்து குருத்தெலும்பையும் எலும்பையும் ஓரத்துலேர்ந்து அரிக்க ஆரம்பிக்குது. அரிச்ச எலும்பை எந்த மருந்தாலயும் திரும்ப பழையபடி ஆக்க முடியாது. ஆரம்பிச்ச முதல் 3 லேர்ந்து 6 மாசத்துக்குள்ள சரியான மருந்து விழுந்தா, நோய் முழுசா அடங்கற வாய்ப்பு அப்போதான் அதிகம். விரல் கோணிப்போய் வளைஞ்ச கையை நீங்க எங்கயாவது பாத்திருப்பீங்க, அதை நினைச்சு பயப்படாதீங்க, அதெல்லாம் வருஷக்கணக்குல மருந்து இல்லாம விட்ட கை. இன்னிக்கு நேரத்துக்கு வர்றவங்கள்ல பெரும்பாலானவங்க வேலைக்குப் போறாங்க, குழந்தை பெத்துக்கறாங்க, கை பாக்க சாதாரணமா இருக்கு.

இப்போ அந்தப் பொடி. பேரே இல்லாத பொடி, 2 நாள்ல வலியே காணாம போகுது, நிறுத்தினா திரும்ப வருதுன்னா அதுக்குள்ள ஸ்டீராய்டு கலந்திருக்கான்னுதான் முதல்ல சந்தேகப்படணும், இப்படி கலந்து விக்கறது பல நாட்டுல பரிசோதனைல பிடிபட்டிருக்கு. ஸ்டீராய்டுக்கு அந்த சக்தி உண்டு. 1948ல அமெரிக்காவுல மாயோ கிளினிக்ல ஃபிலிப் ஹென்ச்ங்கிற டாக்டர் முதல் தடவையா முடக்குவாத நோயாளி ஒருத்தங்களுக்கு கார்ட்டிசோன் ஊசி போட்டாரு, எழுந்து நடக்கவே சிரமப்பட்டவங்க சில நாள்லயே நடந்தாங்க, 1950ல அதுக்கு நோபல் பரிசே குடுத்தாங்க. அப்புறம்தான் நிறைய அளவுல நிறைய நாள் குடுத்தா என்ன ஆகும்னு தெரிஞ்சது, முகம் உப்பும், சுகர் ஏறும், பிரஷர் ஏறும், எலும்பு பலவீனமாகும், கண்புரை வரும், சாதாரண தொற்றே பெருசா பிடிக்கும். இப்பவும் நாங்க ஸ்டீராய்டு குடுக்கறோம், ஆனா மெயின் மருந்து வேலை செய்ய ஆரம்பிக்கற வரைக்கும் ஒரு பாலமா, குறைஞ்ச அளவுல, கொஞ்ச நாளைக்கு, அப்புறம் படிப்படியா குறைச்சு நிறுத்திடுவோம்.

இங்க ஒன்னு ரொம்ப கவனமா படிங்க. 6 வாரம் எடுத்திருக்கீங்க, இதைப் படிச்சுட்டு கோபத்துல நாளைக்கே அந்தப் பொடியைத் தூக்கி எறிஞ்சுடாதீங்க. சில வாரத்துக்கு மேல வெளியிலேர்ந்து ஸ்டீராய்டு போனா நம்ம உடம்பு தானா சுரக்கறதைக் குறைச்சுடும், திடீர்னு நிறுத்தினா ஒரேயடியா சோர்வு, வாந்தி, தலைசுத்தல், பிரஷர் இறங்கறதுன்னு ஆபத்துல கொண்டுபோய் விடலாம். இந்த வாரமே டாக்டர்கிட்ட பொடியைக் காட்டி விஷயத்தைச் சொல்லுங்க, மறைக்காதீங்க, திட்டுவாங்கன்னு நினைக்காதீங்க. அவங்க அளவு தெரிஞ்ச மாத்திரையா மாத்தி மெதுவா இறக்குவாங்க, சுகரும் பிரஷரும் பாப்பாங்க. இடையில மயக்கம், வாந்தி, காய்ச்சல்னு வந்தா நேரா எமர்ஜென்சிக்குப் போங்க, இப்படி ஒரு பொடி எடுத்தேன்னு அங்கயும் சொல்லுங்க. இஎஸ்ஆர்ங்கிறது அழற்சி எவ்வளவுன்னு காட்டற ரத்த டெஸ்ட், அந்த 52, பொடி ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி எடுத்ததா பின்னாடி எடுத்ததான்னும் தேதி பாத்து வெச்சுக்கோங்க, பொடிக்கு அப்புறமும் 52ன்னா நிஜத்துல அழற்சி அதைவிட கூடத்தான் இருக்கும்.

மெத்தோட்ரெக்ஸேட் பத்தின பயம் எனக்குப் புரியுது. கேன்சருக்கு குடுக்கற மருந்துதான், பொய் சொல்ல மாட்டேன், ஆனா அங்க அளவே வேற, சில நேரம் கிராம் கணக்குல ரத்தத்துல ஏத்துவாங்க. முடக்குவாதத்துக்கு வாரத்துக்கு ஒரு தடவை, 7.5லேர்ந்து 25 மில்லிகிராம்குள்ள. இந்த அளவுல அது முடி எல்லாம் கொட்ட வைக்கற கீமோதெரபி இல்ல, தப்பா ஓடற எதிர்ப்பு சக்தியை அடக்கற மருந்து. அமெரிக்காவுல 1988லயே இதை முடக்குவாதத்துக்கு அங்கீகரிச்சுட்டாங்க, இன்னிக்கும் உலகம் முழுக்க முதல்ல எடுக்கற மருந்து இதுதான்.

ரொம்ப பயப்பட வேண்டிய இடம் ஒன்னு இருக்கு, அது வாரத்துக்கு ஒரு தடவைங்கறதை தினமும்னு தப்பா எடுத்துக்கறது. அப்படி தினமும் போட்டு, வாயெல்லாம் புண்ணாகி, ரத்த அணுக்கள் விழுந்து உயிரே போன சம்பவங்கள் மருத்துவத்துல பதிவாகியிருக்கு. அதனால ஒரு கிழமையை முடிவு பண்ணுங்க, சீட்டுலயும் அட்டைலயும் அந்தக் கிழமை பேரை பெருசா எழுதி வாங்குங்க, வீட்ல இன்னொருத்தருக்கும் தெரியட்டும், ஒரு வாரம் மறந்துட்டா அடுத்த வாரம் சேர்த்து டபுளா போடாதீங்க. ஃபோலிக் ஆசிட் கூட குடுப்பாங்க, அது வாய்ப்புண், குமட்டலைக் குறைக்கும், அதை அதே நாள்ல போடாம வேற நாள்ல போடச் சொல்வாங்க. ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ரத்த அணு, லிவர், கிட்னி, ஹெபடைடிஸ் பி, சி, நெஞ்சு எக்ஸ்ரே பாக்கணும், ஆரம்பிச்ச பிறகு முதல்ல சில வாரத்துக்கு ஒருமுறை, அப்புறம் 3 மாசத்துக்கு ஒருமுறை ரத்தம் பாக்கணும். வறட்டு இருமலோட மூச்சு வாங்கினா, காய்ச்சல் வந்தா, வாயில புண்ணு நிறைய வந்தா அந்த வார டோஸைப் போடாம போன் பண்ணி கேளுங்க. வேற எதுக்காவது ஆன்டிபயாட்டிக் எழுதினா மெத்தோட்ரெக்ஸேட் எடுக்கறேன்னு சொல்லுங்க, ட்ரைமெத்தோப்ரிம் கலந்தது இதோட சேரவே கூடாது.

இன்னொன்னு, இது 6லேர்ந்து 12 வாரம் எடுத்துத்தான் வேலை காட்டும். மூணாவது வாரமே ஒன்னும் கேக்கலைன்னு நிறுத்தறவங்க உண்டு. வலி மாத்திரை அன்னன்னிக்கு வலியைக் குறைக்கும், அரிப்பை நிறுத்தாது, வயித்துக்கும் கிட்னிக்கும் நல்லதில்ல, ரெண்டு வலி மாத்திரையை ஒன்னா சேர்த்து போடவே போடாதீங்க.

ஆனா உங்க விஷயத்துல குழந்தை ஆசை இருக்கே, இதை அந்த டாக்டர்கிட்ட சொன்னீங்களான்னு நீங்க எழுதல. மெத்தோட்ரெக்ஸேட் எடுக்கும்போது கண்டிப்பா கர்ப்பம் கூடாது, கருவைப் பாதிக்கும், நிறுத்தி பொதுவா 3 மாசம் போகட்டும்னு சொல்வோம். இதே நோய்க்கு குடுக்கற லெஃப்ளுனோமைடுங்கிற மருந்தும் கூடாது. ஹைட்ராக்ஸிகுளோரோகுயின், சல்ஃபாசலசின்ங்கிற மத்த ரெண்டு மருந்தையும் கர்ப்பத்துலயும் தொடரலாம். என் கருத்து என்னன்னா, முதல்ல நோயை அடக்குங்க, நல்லா கட்டுக்குள்ள வந்த பிறகு மருந்தை மாத்திக்கிட்டு குழந்தைக்கு திட்டம் போடுங்க, அழற்சி ஓடிட்டிருக்கும்போது கர்ப்பமானா உங்களுக்கும் கஷ்டம், குழந்தைக்கும் நல்லதில்ல. கர்ப்பத்துல நிறைய பேருக்கு இந்த நோய் தானாவே தணியும், பிரசவத்துக்கு அப்புறம் சில மாசத்துல திரும்ப எழும், அதுக்கும் முன்கூட்டியே ஏற்பாடு வேணும். இல்ல, இப்பவே குழந்தை வேணும்னா அதையும் வெளிப்படையா சொல்லுங்க, மருந்து வேற மாதிரி போகும்.

சாப்பாட்டுல எதையும் தள்ளி வெக்க வேண்டியதில்ல, நீங்க ஏதோ சாப்பிட்டதால இது வரல. யாராவது வீட்ல புகை பிடிச்சா அதை மட்டும் நிறுத்தச் சொல்லுங்க, புகை இந்த நோயைக் கூட்டற விஷயம்.

அப்பாவுக்கு இந்த மருந்து வேண்டாம் மா, தயவு செஞ்சு உங்க மாத்திரையைப் பிரிச்சுக் குடுக்காதீங்க. படி ஏறினா வலி, உக்காந்து எழுந்தா ரெண்டு நிமிஷம் பிடிச்சுட்டு விடுதுன்னா அது தேய்மானமாத்தான் இருக்கும், அதுக்கு தொடை தசையை பலப்படுத்தறதுதான் பெரிய மருந்து. நாற்காலில உக்காந்து ஒரு காலை நேரா நீட்டி, தொடையை இறுக்கி 5 எண்ணி இறக்கச் சொல்லுங்க, ஒவ்வொரு காலுக்கும் 10 தடவை, ரெண்டு வேளை. எடை அதிகமா இருந்தா குறைக்கணும், ஒரு கிலோ குறைச்சா ஒவ்வொரு அடிக்கும் முட்டில விழற பாரம் சுமார் 4 கிலோ குறையுதுன்னு அளந்து பாத்திருக்காங்க. வலிக்கு மேல தடவற ஜெல்லே பல பேருக்குப் போதும். திடீர்னு ஒரே முட்டி மட்டும் சூடா வீங்கி காய்ச்சலும் வந்தா மட்டும் அன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போகணும், மூட்டுக்குள்ள சீழ் பிடிச்சிருந்தா சில நாள்லயே மூட்டு போயிடும். இது வீட்ல எல்லாருக்கும்தான்.

தம்பி பத்தி நீங்க ஒரே வரில முடிச்சுட்டீங்க, எனக்கு அதுதான் நெருடுது. அவர்கிட்ட கேளுங்க, பாதி ராத்திரிக்கு மேல வலில முழிப்பு வருதா, காலைல முதுகு இரும்பு மாதிரி இருந்து நடந்தா சரியாகுதா, ரெஸ்ட் எடுத்தா குறையறதுக்கு பதிலா கூடுதா, வலி ஒரு சமயம் இடது பின்பக்கம் ஒரு சமயம் வலதுன்னு மாறுதா? ஆமான்னா அது டிஸ்க் வலி இல்ல, அன்கைலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் வகையா இருக்கலாம், 45 வயசுக்குள்ள ஆரம்பிக்கற முதுகு வாதம். அதுல எக்ஸ்ரேல மாற்றம் தெரிய வருஷக்கணக்கு ஆகும், இடுப்பு எலும்பு இணைப்புக்கு எம்ஆர்ஐ எடுத்தா முன்னாடியே தெரியும். ஹெச்எல்ஏ பி27ன்னு ஒரு மரபணு டெஸ்ட் உதவும், ஆனா அது பாசிட்டிவா இருந்தும் வாழ்நாள் முழுக்க ஒன்னும் வராதவங்கதான் ஜாஸ்தி. உங்களுக்கு வலி மாத்திரை துணைக்கு மட்டும்னு சொன்னேன் இல்லையா, இந்த நோய்க்கு அதுதான் முதல் சிகிச்சையே, கூட தினம் உடற்பயிற்சி, படுத்துக் கிடக்கறதுதான் இருக்கறதுலயே மோசம். அவருக்கு எப்பவாவது ஒரு கண் சிவந்து வலிச்சு வெளிச்சம் பாக்க முடியாம போனா சொட்டு மருந்து வாங்கி ஊத்திட்டு இருக்காம ஒரு நாளைக்குள்ள கண் டாக்டரைப் பாக்கணும், பார்வை சம்பந்தப்பட்ட விஷயம்.

குடும்பத்துல வாதம் இருக்கான்னு கேட்டீங்க. உங்க நோயும் அப்பாவோடதும் தம்பியோடதும் ஒன்னு இல்ல. முடக்குவாதம் சொந்தத்துல இருந்தா வாய்ப்பு கொஞ்சம் கூடும், ஆனா அம்மாவுக்கு இருந்தா பொண்ணுக்கும் வந்தே தீரும்னு கிடையாது, உங்க பொண்ணை நினைச்சு கலங்காதீங்க.

ருமட்டாலஜிஸ்ட்டை, அதாவது மூட்டு வாத நோய் டாக்டரை இந்த வாரமே பாருங்க. மத்தியானம் அப்பாயின்ட்மென்ட்னா அதுக்குள்ள வீக்கம் இறங்கிடலாம், அதனால காலைல எழுந்ததும் ரெண்டு கையையும் முஷ்டி பிடிக்க முயற்சி பண்ணி போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க, பொடி பாக்கெட், பழைய ரிப்போர்ட், எல்லா மாத்திரை அட்டையும் கைல இருக்கட்டும். தம்பியையும் கூடவே கூட்டிட்டு போங்க, ரெண்டு பேரையும் பாக்க வேண்டியது அதே டாக்டர்தான்.